பொருந்திவிட்ட வளைகோடு: கொள்ளைநோய்க் கணிதத்திடம் எதைக் கேட்பது?

தொற்றுநோயியல் பாடநூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு வரைபடம் உண்டு. 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரை பம்பாய்த் தீவில் பிளேக் நோயால் வாரந்தோறும் இறந்தவர்களின் எண்ணிக்கை அதில் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் புள்ளிகளை ஒட்டியே ஒரு வளைகோடு மெல்ல ஏறி, ஏப்ரல் நடுவில் உச்சம் தொட்டு, ஏறிய அதே சாய்வில் இறங்கும். ஏழு மாதங்களில் ஏறத்தாழ 9,000 உயிர்களைக் கொண்டுபோன நோயை ஒற்றைவரிச் சமன்பாடு பின்தொடர்ந்து செல்வதைப் பார்ப்பவர்களுக்கு, கணிதம் நோயின் இயக்கத்தையே கண்டுகொண்டது என்றுதான் தோன்றும். வில்லியம் கெர்மாக், ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக் இருவரும் 1927-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரையில் வந்த படம் அது. கொள்ளைநோய்களைக் கணிக்க இன்று பயன்படும் மாதிரிகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டுரையின் வழித்தோன்றல்கள். ஆனால் அந்த வளைகோடு பொருந்தியதற்கும் பம்பாயில் நோய் பரவிய விதத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு. தவறான காரணத்தால் சரியாக வந்த படம் அது. அதே கட்டுரையில், எந்தப் படத்தின் துணையும் இல்லாமல் நிறுவப்பட்ட தேற்றம் ஒன்றோ நூறாண்டு நெருங்கியும் அசையாமல் நிற்கிறது. கொள்ளைநோய்க் கணிதத்தை நம்பலாமா கூடாதா என்று கோவிட் காலத்தில் உலகமே விவாதித்தது. எதைக் கேட்டால் அதை நம்பலாம், எதைக் கேட்டால் நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்ப்பதே பயனுள்ள விவாதம். அந்தப் பிரிவினைக்கான சான்று இந்த ஒரே கட்டுரைக்குள் இருக்கிறது.

முதலில் படத்தையே எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டில் இருப்பவை மூன்று எண்கள்: 890, 0.2, 3.4. வார எண்ணை 0.2-ஆல் பெருக்கி, அதிலிருந்து 3.4-ஐக் கழித்து, கிடைப்பதன் ஹைபர்போலிக் சீகன்ட்டை வர்க்கமாக்கி, 890-ஆல் பெருக்கினால் அந்த வாரத்தின் இறப்பு கிடைக்கும். 890 என்பது உச்ச வாரத்தின் இறப்பு. 3.4-ஐ 0.2-ஆல் வகுத்தால் 17. பதினேழாம் வாரத்தில் உச்சம். வளைகோட்டின் கீழுள்ள மொத்தப் பரப்பு 8,900. இதுவரை எல்லாம் பதிவேட்டோடு ஒத்துப்போகிறது. இனி அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் மாதிரி நகரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 0.2 என்ற மதிப்பின்படி, தொடக்கத்தில் நோய் வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருக வேண்டும். பிளேக் கண்ட ஒருவர் ஒரு வாரம் தொற்றைப் பரப்புகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரும் சராசரியாக 1.4 பேருக்குக் கொடுக்கிறார் என்றாகிறது. அந்த வேகத்தில் பரவும் நோய், ஆளாகக்கூடியவர்களில் பாதிப் பேரை மட்டுமே தொட்டுவிட்டு ஓயும். ஆக, இறந்தவர்களோடு பிழைத்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொற்றுக்கு ஆளாகக்கூடியவர்கள் அந்த நகரத்தில் மொத்தமே 20,000 பேர் அளவில்தான் இருந்திருக்க வேண்டும். அப்போதைய பம்பாயின் மக்கள்தொகை ஏறத்தாழ 10 லட்சம். மீதி 9 லட்சத்து 80 ஆயிரம் பேரைப் பிளேக்கிலிருந்து காத்தது எது என்ற கேள்விக்கு மாதிரியில் விடை இல்லை. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டுகளிலும் அதே நகரத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்ததற்கும் விடை இல்லை.

விடை நகரத்தின் எலி வளைகளில் இருந்தது. 1896-இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டபோது, அது எப்படிப் பரவுகிறது என்பது எவருக்கும் தெரியாது. 1898-இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், எலியிலிருந்து எலிக்குத் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று சோதனையில் காட்டினார். 1905-க்குப் பிறகு பம்பாயில் பிளேக் ஆய்வுக் குழு நடத்திய சோதனைகள் அதை ஐயமற உறுதிசெய்தன. எலிகள் செத்தபின் இரை தேடி வரும் பூச்சிகளே மனிதரைக் கடித்தன. அந்த நகரத்தின் பிளேக்கில் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றியது மிகக் குறைவு. கோடையின் வெம்மையில் பூச்சிகளின் கடத்தும் திறன் குன்றிவிடும். அதனால்தான் பம்பாய்ப் பிளேக் ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்குப் போய், ஜூன் வாக்கில் அடங்கியது. 1906 ஏப்ரலுக்குப் பின் வளைகோடு இறங்கியதற்குப் பருவம் முக்கியக் காரணம். ஆளாகக்கூடியவர்கள் குறைந்துபோனதே காரணம் என்று சமன்பாடு சொல்கிறது. இரண்டு காரணங்களும் ஒரே மாதிரி மலை வடிவத்தைத் தரக்கூடியவை. வடிவத்தை மட்டும் பார்த்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. நிகோலா பக்காயே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் 2012-இல் இந்தப் பழைய தரவை மறுபடி எடுத்து, பருவத்தைச் சேர்த்த மாதிரியோடு ஒப்பிட்டு, மாறாத மாறிலிகளைக் கொண்ட விளக்கம் ஏன் செல்லாது என்று விரிவாகக் காட்டினார்.

இதில் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் இருவரையும் குறைசொல்ல இடமில்லை. மனிதப் பிளேக் என்பது எலிப் பிளேக்கின் பிரதிபலிப்பு என்று அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். எல்லா எலிகளும் ஒரே அளவில் தொற்றுக்கு ஆளாகும். தீவிலுள்ள எல்லா எலிகளுக்கும் தொற்றுவதற்குச் சம வாய்ப்பு. பரவும் வேகமும் இறப்பு வேகமும் காலமெல்லாம் மாறாது. தெள்ளுப்பூச்சிகள் ஏராளம், ஆகவே நேரடித் தொற்று என்றே கொள்ளலாம்: இப்படித் தங்கள் அனுமானங்களை அடுக்கிவிட்டு, இவற்றில் எதுவும் முழுமையாக உண்மை இல்லை, ஆகவே மாறிலிகளின் மதிப்பிலிருந்து முடிவுகள் எடுக்கக் கூடாது என்றும் எச்சரித்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்த பாடநூல் ஆசிரியர்கள். எச்சரிக்கை இல்லாத அந்தப் படம், பொருந்துவதே சான்று என்ற எண்ணத்தைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களிடம் விதைத்திருக்கிறது. கோவிட் காலத்தில் அதற்கு நாம் கொடுத்த விலை பெரியது என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தேற்றத்துக்கு வருவோம். மக்களை மூன்று பிரிவாக்குகிறார்கள்: இன்னும் தொற்றாதவர்கள், தொற்றைச் சுமப்பவர்கள், குணமாகியோ இறந்தோ பரவலிலிருந்து விலகியவர்கள். முதல் பிரிவினரும் இரண்டாம் பிரிவினரும் சந்திக்கும் வேகத்தில் புதிய தொற்று உண்டாகிறது; ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நோயாளிகள் மூன்றாம் பிரிவுக்கு நகர்கிறார்கள். இவ்வளவுதான் கட்டமைப்பு. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. தொற்றக்கூடியவர்களின் அடர்த்தி ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், நோயாளி எத்தனை பேர் ஊருக்குள் வந்தாலும் நோய் பரவாமல் அணைந்துவிடும். வரம்புக்கு மேலே இருந்தால் ஒரே ஒரு நோயாளியும் போதும். இது முதல் முடிவு. ஒரு கொள்ளைநோய் முடிவதற்கு எல்லாருக்கும் தொற்ற வேண்டியதில்லை. தொற்றக்கூடியவர்களின் எண்ணிக்கை அந்த வரம்புக்குக் கீழே போன பிறகு, பலர் தொற்றாமல் மிஞ்சியிருக்கும்போதே அது ஓயும். இது இரண்டாவது. அதுவரை மருத்துவர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் புழங்கின. நோய் பிடிக்க ஆளில்லாமல் போவதால் கொள்ளைநோய் முடிகிறது என்பது ஒன்று. கிருமியின் வீரியம் குன்றுவதால் முடிகிறது என்பது மற்றது. இரண்டில் எதுவும் நேராமலே ஒரு கொள்ளைநோய் முடியலாம் என்பதைத் தர்க்கத்தால் மட்டுமே நிறுவியவர்கள் இந்த இருவர். கெர்மாக் அப்போது பார்வை இழந்திருந்தார். 1924-இல் ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் காரம் தெறித்துக் கண்கள் போயின. பிறர் படித்துக்காட்ட, கணக்குகளை மனத்திலேயே ஓட்டிப் பார்த்தவர் அவர்.

மெக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். கசௌலியின் பாஸ்டர் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். அதற்கு முன்பே, 1901-இல், மலேரியா ஒழிப்புப் பணிக்காக ரொனால்ட் ராஸுடன் சியரா லியோனுக்குப் போனவர். வரம்பு என்ற கருத்தின் வேர் ராஸின் மலேரியாப் பணியில்தான் இருக்கிறது. மலேரியா ஒட்டுண்ணியை 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்து, 1902-இல் நோபல் பரிசு பெற்ற ராஸை அதற்குப் பின் வாட்டியது ஒரு நடைமுறைக் கேள்வி. கொசுவைக் குறைத்தால் மலேரியா போகும் என்றார் அவர். லாகூர் அருகே மியான் மீர் ராணுவக் குடியிருப்பில் கொசு ஒழிப்பைச் செய்து பார்த்த மருத்துவ அதிகாரிகள், கொசுவும் குறையவில்லை, காய்ச்சலும் குறையவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். எல்லாக் கொசுவையும் எந்த ஊரிலும் ஒழிக்க முடியாது, ஆகவே இந்த வழியே வீண் என்பது அவர்கள் வாதம். எல்லாவற்றையும் ஒழிக்கத் தேவையே இல்லை என்பதைக் காட்ட ராஸ் கணிதத்தைக் கையில் எடுத்தார். மொரீஷியஸ் தீவுக்குப் போய்வந்து 1908-இல் எழுதிய அறிக்கையிலும், பின்னர் மலேரியாத் தடுப்பு குறித்து எழுதிய நூலிலும் அந்தக் கணக்கு இருக்கிறது. தான் எடுத்துக்கொண்ட மதிப்புகளின்படி, ஒரு மனிதருக்கு ஏறத்தாழ 40 அனோபிலஸ் கொசு என்ற அளவுக்குக் கீழே போனால் மலேரியா தானாகவே மறையும் என்று அவர் காட்டினார். 40 என்ற எண் முக்கியமல்ல. இடத்துக்கு இடம் அது மாறும். அப்படி ஓர் எண் இருக்கிறது என்பதே கண்டுபிடிப்பு. மியான் மீரில் நடந்தது வழிமுறையின் தோல்வியா, வரம்பைத் தொடும் அளவுக்கு வேலை நடக்காத தோல்வியா என்று கேட்பதற்கே இந்தக் கணக்கு தேவைப்பட்டது. வெறும் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பும் எத்தனை ஆண்டு வாதிட்டிருந்தாலும் முடிவு வந்திருக்காது.

ஜார்ஜ் மெக்டொனால்ட் 1950-களில் ராஸின் சமன்பாடுகளை மறுபடி எழுதியபோது, வரம்பு எந்தப் பக்கமாகத் தள்ளினால் சுலபமாக நகரும் என்பதும் தெரிந்தது. கணக்கைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் முதிர ஏறத்தாழ 12 நாள் ஆகும் என்று கொள்வோம். அதுவரை உயிரோடு இருக்கும் கொசுவால்தான் நோயைக் கடத்த முடியும். ஒரு கொசு ஒரு நாளைக் கடந்து மறுநாளுக்குப் பிழைக்கும் வாய்ப்பு 90 விழுக்காடு என்றால், 100 கொசுவில் 28 அந்த 12 நாளைத் தாண்டும். தாண்டியவை மேலும் சராசரியாக 9 நாளுக்குச் சற்று மேல் உயிர்வாழ்ந்து கடிக்கும். வாய்ப்பை 80 விழுக்காடாகக் குறைத்தால், தாண்டுபவை 7 மட்டுமே; அவற்றுக்கு மிஞ்சும் ஆயுள் நாலரை நாள். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், நோய் கடத்தும் திறன் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. குட்டைகளில் மருந்து தெளித்துக் கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் திறனும் பாதிதான் ஆகும். ஆனால் வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடித்து, கடித்துவிட்டு அமரும் கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் சுருக்கினாலே பலன் பன்மடங்கு. உலக சுகாதார நிறுவனம் 1955-இல் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் சுவர்களைக் குறிவைத்ததற்கு அறிவார்ந்த ஆதாரம் இந்தக் கணக்குதான். அடுத்த ஆண்டு எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும் என்பதைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை.

மாதிரிகளின் கணிப்பு பொய்த்த கதைகளே அதிகம், ஆகவே அவற்றால் என்ன பயன் என்பது வழக்கமாக எழும் முதல் ஆட்சேபணை. பொய்த்தவற்றை வகை பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 1840-இல் வில்லியம் ஃபார் இங்கிலாந்தின் பெரியம்மை இறப்புகளை மணி வடிவ வளைகோட்டில் பொருத்தினார், 1866-இல் மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய் விரைவில் தணியும் என்று அதே முறையில் சொன்னார், தணிந்தது. தொற்றிய மாடுகளைக் கொன்று புதைக்கும் சட்டமும் அதே ஆண்டில் வந்திருந்தது என்பதை மறந்துவிட்டால், அது வளைகோட்டின் வெற்றி. 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஃபாரின் முறையை எய்ட்ஸ் நோய்க்குப் பயன்படுத்தி, நாட்டில் மொத்தம் 2 லட்சம் பேரோடு அது அடங்கும் என்றார்கள். 1995 முடிவதற்குள் பதிவானவர்களே 5 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். 2020 ஏப்ரலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் வளைகோடு பொருத்தும் முறையில், ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அமெரிக்காவில் ஏறத்தாழ 60,000 பேர் கோவிட்டால் இறப்பார்கள் என்று கணித்தது; ஆகஸ்ட் வந்தபோது இறப்பு ஒன்றரை லட்சத்தைக் கடந்திருந்தது. எய்ட்ஸ் எப்படித் தொற்றுகிறது, கோவிட் எப்படித் தொற்றுகிறது என்பது இந்தக் கணக்குகளுக்குத் தேவைப்படவே இல்லை. ஏறியது இறங்கும், இறக்கம் ஏற்றத்தைப் போலவே இருக்கும் என்ற ஒரே நம்பிக்கை அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது. பம்பாய்ப் படத்தில் புள்ளிகளைத் தொட்ட கோடும் இதே வகைதான்.

இயக்கத்தின் மேல் கட்டப்பட்ட மாதிரிகளும் பொய்த்திருக்கின்றனவே என்று கேட்கலாம். 2014 செப்டம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், லைபீரியாவிலும் சியரா லியோனிலும் எதுவும் மாறாவிட்டால் 2015 ஜனவரிக்குள் எபோலா அதிகபட்சம் 14 லட்சம் பேருக்குத் தொற்றக்கூடும் என்றது. மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் கடைசியில் பதிவானவர்கள் ஏறத்தாழ 28,600 பேர். 14 லட்சம் என்ற எண் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குப் போனது. பின்னர் கேலிக்கும் ஆளானது. அதே அறிக்கையில் இன்னோர் எண் இருந்தது: நோயாளிகளில் 70 விழுக்காட்டினரைச் சிகிச்சை மையத்திலோ, தொற்று பரவாத ஏற்பாட்டிலோ வைத்துவிட்டால் பரவல் இறங்கத் தொடங்கும். இதுதான் வரம்பு. நூறு விழுக்காடு முடியாது என்று கைவிரிக்க இருந்த அரசுகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் எட்டக்கூடிய இலக்கைக் கொடுத்தது அந்த எண். நோயாளிகளில் 70 விழுக்காட்டினரைத் தனிமைப்படுத்துவது, சவ அடக்கங்களில் 70 விழுக்காட்டைப் பாதுகாப்பாக நடத்துவது, இரண்டையும் 60 நாளுக்குள் எட்டுவது என்று ஐ.நா. வகுத்த திட்டமும் இதையொட்டியதே. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2020 மார்ச் அறிக்கையிலும் எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர் இறப்பார்கள் என்ற எண் மட்டும்தான் மக்கள் நினைவில் நிற்கிறது. நடக்கவிடாமல் தடுக்க வேண்டியதைச் சொல்லும் எண்ணை, நடந்ததோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது முறையாகாது.

மக்களை ஒரே கலவையாகக் கருதும் சமன்பாடு, வீடும் தெருவும் வேலையும் சாதியும் வகுப்பும் பிரித்துவைத்திருக்கும் சமூகத்துக்குப் பொருந்துமா என்ற இரண்டாவது ஆட்சேபணையில் நியாயம் அதிகம். பலரோடு பழகுபவர்களுக்கு நோய் முதலில் தொற்றிவிடுவதால், உண்மையான வரம்பு எளிய கணக்கு காட்டுவதைவிடக் கீழே இருக்கக்கூடும். இதை 2020-இல் சிலர் வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தியாவில் அந்த ஆண்டு அக்டோபரில், அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைத்த குழு, செப்டம்பரிலேயே உச்சம் கடந்துவிட்டது, மக்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருக்கும், கட்டுப்பாடுகளைத் தொடர்ந்தால் 2021 பிப்ரவரி வாக்கில் நோய் மிகக் குறைந்த அளவுக்கு வந்துவிடும் என்றது. பண்டிகைக் கால அலட்சியம் ஆபத்து என்று அது எச்சரித்ததையும் சொல்ல வேண்டும். ஆனால் பொதுவெளியில் பதிந்தது முடியப்போகிறது என்ற செய்திதான். ஒரு தொற்றாளர் இரண்டரைப் பேருக்குக் கொடுக்கும் நோய் தானாக அடங்க, நூற்றுக்கு 60 பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். தட்டம்மை போல 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கும் நோய் என்றால் 92-க்கு மேல் வேண்டும். 30 விழுக்காட்டில் ஒரு நோய் இறங்குகிறது என்றால் அதை இறக்குவது எதிர்ப்பாற்றல் மட்டுமாக இருக்க முடியாது. மக்களின் எச்சரிக்கையும் கட்டுப்பாடுகளும் சேர்ந்துதான் இறக்குகின்றன. அவை தளர்ந்தால் பரவல் மீண்டும் வரம்பைத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் நடந்த நாடு தழுவிய இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பணு இருந்தவர்கள் வயதுவந்தோரில் 21 விழுக்காடு அளவுதான். மே தொடக்கத்தில் ஒரே நாளில் 4 லட்சம் பேருக்கு மேல் தொற்று பதிவானது. டெல்டா என்ற வேகமான வகை வரும் என்று எந்தச் சமன்பாடும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் இறக்கத்துக்கு எது காரணம் என்ற கேள்வியை அக்டோபரிலேயே உரக்கக் கேட்டிருக்கலாம். 1906 ஏப்ரலில் பம்பாய் வளைகோட்டை இறக்கிய காரணத்தைத் தவறாகப் படித்ததும் இதுவும் ஒரே பிழை. முன்னதில் கெட்டது ஒரு பாடநூல் படம் மட்டுமே. பின்னதில் படுக்கைகளும் ஆக்சிஜனும் தயாராக வேண்டிய மாதங்கள் கைநழுவின. பிரேசிலின் மனாவுஸ் நகரில் 2020 அக்டோபருக்குள் முக்கால்வாசிப் பேருக்குத் தொற்று வந்துபோனதாக மதிப்பிட்டார்கள். 2021 ஜனவரியில் அங்கே ஆக்சிஜன் தீர்ந்து நோயாளிகள் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

மிகக் கடினமான ஆட்சேபணை இனிமேல்தான் வருகிறது. எண் சரியாக வந்தால் மாதிரியின் வெற்றி, வராவிட்டால் நாங்கள் எச்சரித்ததால் மக்கள் மாறினார்கள் என்று தப்பித்துக்கொள்ளலாம் என்றால், பொய்யாக்கவே முடியாத ஒன்றை அறிவியல் என்று எப்படி அழைப்பது? இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது, மாதிரிகளின் பேரில் தொற்றிய பண்ணைகளைச் சுற்றியிருந்த பண்ணைகளின் கால்நடைகளும் கொல்லப்பட்டன. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் மாண்டன. அந்த வேகமான நடவடிக்கை இல்லாவிட்டால் நோய் அடங்கியிருக்காது என்றார்கள் மாதிரியாளர்கள். அது முழுவீச்சில் தொடங்குமுன்பே பரவல் இறங்கத் தொடங்கிவிட்டது என்றார்கள் கால்நடை மருத்துவர்கள் பலர். இரு தரப்பும் இன்றும் உடன்படவில்லை. அங்கே மாதிரியின் மாறிலிகள், எந்தப் பரவலை அது விளக்க வேண்டுமோ அந்தப் பரவலின் தரவிலிருந்தே பெறப்பட்டன. எப்படிப் பொருத்தினாலும் அது தன்னைத்தானே ஆமோதிக்கும். ராஸும் மெக்டொனால்டும் கேட்ட மாறிலிகள் வேறு வகை. கொசு எத்தனை நாள் வாழ்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மனிதரைக் கடிக்கிறது, ஒட்டுண்ணி எத்தனை நாளில் முதிர்கிறது: இவற்றை நோயாளிகளை எண்ணாமலே, கொசுவைப் பிடித்துப் பார்த்து அளக்கலாம். அப்படித் தனியே அளந்த மதிப்புகளிலிருந்து வரம்பைக் கணக்கிட்டு, நோயாளிகளின் எண்ணிக்கை வேறு எதையாவது சொல்லும் இடத்தில் இரண்டையும் மோதவிட்டால், மாதிரி தோற்பதற்கான வாய்ப்பு உண்மையிலேயே அமையும்.

அந்த மோதல் இலங்கையில் நடந்தது. 1934-35-இல் மழை பொய்த்து ஆறுகள் ஓட்டம் நின்று குட்டைகளாகத் தேங்கின. தெளிந்த நீரில் பெருகும் அனோபிலஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு அவற்றில் பெருகியது. ஏறத்தாழ 80,000 பேர் மலேரியாவில் மாண்டார்கள். மழை மிகுந்த ஈர வலயத்தில் வறட்சியே மலேரியாவைக் கொண்டுவந்தது. 1940-களின் நடுவில் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கத் தொடங்கினார்கள். 1946-இல் 28 லட்சமாக இருந்த நோயாளிகள் 1963-இல் வெறும் 17 ஆனார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது. மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள். வரம்புக் கணக்கைப் பார்ப்பவருக்கோ எதுவும் முடியவில்லை. மருந்து சுவரில் இருந்தவரை கொசுவின் ஆயுள் குறுகி, பரவல் வரம்புக்குக் கீழே இருந்தது. மருந்தை எடுத்துவிட்டால் கொசுவின் ஆயுள் பழைய நிலைக்கு வரும்; பரவல் வரம்புக்கு மேலே போகும்; அதற்கிடையில் பிறந்து வளர்ந்த குழந்தைகளின் உடலில் மலேரியாவுக்கான எதிர்ப்பாற்றலே கிடையாது. வரம்புக்கு மேலே இருக்கும் ஊரில் 17 நோயாளிகளும் 17 லட்சம் நோயாளிகளும் தொடக்கப் புள்ளியில்தான் வேறுபடுகிறார்கள். கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்ட காய்ச்சல்காரர்கள் சிலரிடமிருந்து நோய் மறுபடி கிளம்பியது. 1967-68-இல் மழை குறைந்ததும், மாணிக்கக் கற்களைத் தேடி மக்கள் காட்டுப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்ததும் அதற்கு வேகம் கூட்டின. 1969-இல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. 17 என்ற எண் பாதுகாப்பு என்று சொன்னது. கொசுவின் ஆயுளை வைத்துப் போட்ட கணக்கு ஆபத்து என்று சொன்னது. ஆறே ஆண்டில் தீர்ப்பு வந்தது. டி.டி.டி.யைத் தடைசெய்ததுதான் காரணம் என்று இப்போதும் சிலர் எழுதுகிறார்கள். மருந்தை நிறுத்தியது எந்தத் தடையாலும் அல்ல, நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையால்.

இலங்கை அந்தப் பாடத்தை மறக்கவில்லை. உள்ளூரில் தொற்றிய மலேரியா 2012 அக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே பதிவாகவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. ஆனாலும் அங்குள்ள மலேரியா ஒழிப்பு இயக்கம் கலைக்கப்படவில்லை. வெளிநாடுகளிலிருந்து காய்ச்சலோடு திரும்புபவர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருவதும், கொசுக்களைப் பிடித்து வகை பிரித்துப் பார்ப்பதும் தொடர்கின்றன. நோயாளி இல்லாத நாட்டில் கொசுவை எண்ணிக்கொண்டிருப்பது வீண் செலவு என்று கணக்காளர்கள் கேட்கக்கூடும். ஆனால் அந்த நாடு சான்றிதழ் பெற்ற அதே ஆண்டின் கடைசியில், மன்னாரில் பிடித்த கொசுக்களுக்குள் அனோபிலஸ் ஸ்டீஃபென்சி முதல்முறையாகக் கிடைத்தது. சென்னையில் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பிவரும் நகரத்துக் கொசு அது. மழையோ வறட்சியோ அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. வீட்டுத் தண்ணீரே அதற்குப் போதும். கியூலிசிஃபேசிஸ் கொசுவுக்காகப் போடப்பட்ட கணக்கில் இருந்த ஆயுளும் கடிக்கும் வழக்கமும் பருவமும் இதற்கு வேறு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற நகரங்களுக்கு மலேரியாவின் வரம்பு எங்கே இருக்கிறது என்பதை இனி இந்தக் கொசுவை வைத்துத்தான் புதிதாக அளக்க வேண்டும். அந்தக் கொசு கிடைத்தபோது உள்ளூரில் தொற்றிய நோயாளிகளின் பட்டியலில் பூஜ்யம்தான் இருந்தது.